சாளரத்தில் நிற்பவன் யார்?

பாரதத்தின் வடமேற்கே சாகல நகரத்தில் அரசு புரிந்த யவன மன்னன் மிலிந்தனுக்கும், நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் இடையே நிகழ்ந்தனவாகப் பாலி மொழியில் வழங்கும் சம்வாதங்களுள், உடம்பினுள் உயிர் என்று ஒன்று உண்டோ இல்லையோ என்னும் விசாரம் ஒரு மாளிகையின் சாளரங்களைக் கொண்டே நடைபெறுகிறது. கண்ணால் உருவத்தைக் கண்டும், செவியால் ஓசையைக் கேட்டும், நாவால் சுவையை உணர்ந்தும் உள்ளிருந்து அறிபவன் ஒருவன் இருக்கத்தானே வேண்டும் என்கிறான் மன்னன். இந்த மாளிகையில் அமர்ந்திருக்கும் நாம் கிழக்கே பார்க்க விரும்பினால் கிழக்குச் சாளரத்தாலும், தெற்கே பார்க்க விரும்பினால் தெற்குச் சாளரத்தாலும் பார்ப்பதுபோல, உள்ளே உறையும் உயிரும் தான் வேண்டிய பொறியின் வழியாக உலகத்தை நோக்குகிறது என்பது அவன் கூறும் திருஷ்டாந்தம். நாகசேனர் அந்தத் திருஷ்டாந்தத்தையே கையில் எடுத்துக்கொள்கிறார். எந்தச் சாளரத்தில் நின்றாலும் நாம் காண்பது உருவத்தைத்தான். அப்படியானால் உயிரும் செவியின் வழியாக உருவத்தைக் காணலாமே, ஏன் காண்பதில்லை? மேலும், இந்த மாளிகையின் வலைச் சாளரங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டால், தடையற்ற பெருவெளியில் முகத்தை நீட்டி இன்னும் நன்றாகப் பார்ப்போம். கண்ணைப் பெயர்த்து எடுத்துவிட்டால் உயிர் இன்னும் நன்றாகப் பார்க்குமோ? மன்னனிடம் விடை இல்லை. கண்ணும் உருவமும் கூடுமிடத்தில் காட்சி தோன்றுகிறது, அதனைத் தொடர்ந்து உணர்ச்சியும் நினைவும் தோன்றுகின்றன, இவற்றின் பின்னால் நின்று நோக்குபவன் என்று ஒருவன் அகப்படுவதில்லை என்று நாகசேனர் முடிக்கிறார்.

சில நூற்றாண்டுகள் சென்றபின், வைசேஷிக தரிசனத்துக்குப் பேருரை கண்ட பிரசஸ்தபாதர் அதே சாளரத்தை எதிர்ப்பக்கத்தின் சான்றாக நிறுத்தினார். ஒரு பொருளைக் கண் கண்ட மாத்திரத்தில் அதன் சுவை நினைவுக்கு வருகிறது, நாவில் நீர் ஊறுகிறது. கண் சுவையை அறியாது, நா உருவத்தை அறியாது. ஆகவே பல சாளரங்கள் உடைய இல்லத்தினுள் நின்று எல்லாவற்றின் வழியாகவும் நோக்கும் ஒருவனைப் போல, இரண்டையும் அறிகிற ஒருவன் உள்ளே இருக்கிறான் என்பது அனுமானத்தால் பெறப்படும் என்றார் அவர். ஆன்மா இல்லை என்பவருக்கும் உண்டு என்பவருக்கும் ஒரே உவமை இவ்வாறு ஒருங்கே துணை நிற்குமானால், உவமையைக் கொண்டு ஒரு பக்கம் சாய்வதற்கு முன்னர், உவமையாக வந்த அந்தப் பொருளையே ஒருமுறை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நியாயம் என்று தோன்றுகிறது. சாளரம் எதற்காக உண்டாயிற்று? அதை ஆக்கியவர்கள் எதை எண்ணி ஆக்கினார்கள்?

இந்த வினாவுக்கு மிகப் பழைய, மிகத் தெளிவான விடைகளுள் ஒன்று பௌத்த நூலாகிய விநய பிடகத்திலேயே இருக்கிறது. ராஜகிருகத்து வணிகன் ஒருவன் துறவிகளுக்கென்று விகாரங்கள் கட்டிக்கொடுத்த காலத்தில், அவற்றுக்குச் சாளரம் இல்லை. அவை கண்ணுக்கு ஆகாதனவாகவும் துர்நாற்றம் உடையனவாகவும் இருந்தன என்று அந்நூல் கூறுகிறது. செய்தி புத்தரிடம் அறிவிக்கப்பட்டது. அவர் மூன்று வகைச் சாளரங்களை அனுமதித்தார்: வேதிகை போலத் தூணும் குறுக்குச் சட்டமுமாக அமைந்தது ஒன்று, வலை போலப் பின்னியது ஒன்று, கழிகளை வரிசையாக நிறுத்தியது ஒன்று. பின்னர் அந்த இடைவெளிகளின் வழியே வௌவால்களும் சிறு பிராணிகளும் நுழைந்து தொல்லை கொடுத்தன. திரை இட்டுக்கொள்ள அனுமதித்தார். திரைக்கும் அவை அடங்கவில்லை. கதவு இட்டுக்கொள்ளவும், அடைப்பதற்கு மெத்தை போன்ற ஒன்றை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தார். துக்க நிவாரணத்தை உபதேசித்த ஒரு மகாபுருஷர், தம்மைப் பின்பற்றியவர்கள் உறங்கும் அறையில் வௌவால் புகுவதைக்கூட ஒரு விஷயமாகக் கருதிப் படிப்படியாக விதி வகுத்திருப்பதை வாசிக்கும்போதெல்லாம், அவரிடம் எனக்குள்ள மரியாதை மிகுகிறதே அன்றிக் குறைவதில்லை.

இந்தப் பகுதியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விகாரத்துக்குச் சாளரம் வேண்டப்பட்டது வெளியே பார்ப்பதற்காக அன்று. உள்ளே இருட்டு, அது கண்ணுக்குக் கேடு. உள்ளே காற்று இல்லை, அதனால் நாற்றம். வெளியிலிருந்து ஒளியும் காற்றும் உள்ளே வரவேண்டும். அதற்காகச் சுவரில் ஒரு வாயில். வலையும் கழியும் வேதிகையும் மரத்தால் ஆனவை. அவற்றின் ஊடே பார்வை போனாலும் துண்டுதுண்டாகவே போகும். நாகசேனர் மன்னனை மடக்கியதும் இந்த வலைச் சாளரத்தை வைத்துத்தான். அவருடைய இரண்டாவது ஆட்சேபத்தின் பலம் முழுவதும், அக்காலத்துச் சாளரம் பார்வைக்கு உதவியாக இருந்ததைக் காட்டிலும் தடையாக இருந்ததே மிகுதி என்பதில் அடங்கியிருக்கிறது. பார்ப்பதற்காக ஏற்படாத ஒன்றைப் பார்வையின் கருவியாக மன்னன் எடுத்துக் கூறினான். துறவி அதைப் பெயர்த்துக் காட்டினார்.

தமிழ் நாட்டிலும் செய்தி இதுவே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க் காலத்து நகரத்தை வருணிக்கும்போது, வேனிலில் துயில்வதற்கு அமைந்த மேல்மாடத்துப் பள்ளியில் தென்றலைக் கொணர்ந்து தரும் சாளரங்கள் இப்போது பயனின்றி, இரண்டு கதவும் நெருங்கப் பொருந்தித் தாழிட்டுக் கிடப்பதைச் சொல்கிறது. சாளரத்தின் தொழில் அங்கே தென்றலைத் தருவது. தென்றல் இல்லாத காலத்தில் அதற்கு வேலை இல்லை. சிலப்பதிகாரம் பூம்புகாரின் மாளிகைகளைக் கூறுமிடத்தில் மான் கண் போன்ற சாளரங்களைக் காட்டுகிறது. அவையும் காற்றுக்கு வழியாக நின்றவையே.

ஒளிக்காகவே ஒரு சாளரத்தைச் சமைத்து, அதையே ஒரு சமயத்தின் தியானமாக ஆக்கிய இடத்தைக் காண வேண்டுமானால், மேற்குத் தொடர்ச்சி மலையில் கார்லே என்னும் ஊரின் மேலுள்ள சைத்தியத்துக்குப் போகவேண்டும். கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் மலையைக் குடைந்து, நீளம் ஏறக்குறைய 124 அடி உடையதாக ஆக்கப்பட்ட அந்த மண்டபத்தை, வைஜயந்தி நகரத்துப் பூதபாலன் என்னும் வணிகன் முடித்து வைத்ததாகவும், ஜம்புத்வீபத்திலேயே அது சிறந்த கல்மாளிகை என்றும் அங்குள்ள கல்வெட்டு பெருமிதத்தோடு சொல்கிறது. மண்டபத்தின் இரு மருங்கிலும் தூண் வரிசை. உட்கோடியில் வட்டமாக வளைந்த இடத்தில் ஸ்தூபம். வாயில்களுக்கு மேலே, குதிரையின் லாட வடிவில் ஒரே ஒரு பெருஞ் சாளரம். பக்கச் சுவர்கள் மலையாதலால் அவற்றில் வேறு சாளரம் ஏற்படுத்த இயலாது. மேலிருந்து வரும் ஒளி நடுக்கூடத்தைத் தாண்டி ஸ்தூபத்தின்மேல் படிய, தூண்களுக்குப் பின்னாலுள்ள இடைகழிகள் நிழலில் ஆழ்ந்து கிடக்கின்றன. தச்சர்கள் மரத்தில் கட்டிய மண்டபங்களைப் பார்த்துக் கல்தச்சர்கள் குடைந்தது இது என்பது அந்தச் சாளர வளைவில் பட்டவர்த்தனமாக விளங்கும். மரக்கட்டடத்தில் கூரையைத் தாங்க வேண்டிய வளைகைகள், தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத மலைக்குகையிலும் தேக்கு மரத்தால் அப்படியே பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்தப் பழைய மரவேலையில் ஒரு பகுதி இன்றளவும் அங்கே நிற்கிறது என்பது நம்முடைய தட்பவெப்பத்தை நன்கு அறிந்தவர்களுக்கு ஓர் அற்புதமாகவே தோன்றும்.

கார்லேச் சாளரத்தின் வழியாக வெளியே பார்ப்பவர் எவரும் இல்லை. அது எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதன் கீழே வந்து நிற்பவனுக்கு முதுகு சாளரத்தின் பக்கம், முகம் ஸ்தூபத்தின் பக்கம். அவனுக்குப் பின்னாலிருந்து, அவன் தலைக்கு மேலாக வந்த ஒளியில், அவன் தனக்கு முன்னாலுள்ளதைக் காண்கிறான். நாகசேனரும் பிரசஸ்தபாதரும் கருதிய சாளரத்தில் ஒருவன் முகம் வைத்து வெளியே நோக்கவேண்டும். இந்தச் சாளரத்திலோ ஒருவனும் நிற்கவில்லை, ஆயினும் காட்சி நிகழ்கிறது. உயிரைப் பற்றிய விவாதத்துக்குப் பொருத்தமான சாளரம் இதுவே என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன். இந்த லாட வடிவம் பிற்காலத்தில் ஒளி நுழையும் வேலையிலிருந்து நீங்கி அலங்காரமாக நின்றதையும் இங்கே குறிப்பிடலாம். மாமல்லபுரத்து ரதங்களின் கொடுங்கைகளில் வரிசையாகக் காணும் கூடுகள் அந்தப் பழைய சைத்தியச் சாளரத்தின் சந்ததியே. கல்லில் திறப்பு இல்லை. திறப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முகம் நம்மை நோக்குகிறது.

சாளரத்தின் வழியே புகும் ஒளி, உள்ளே முன்னமே இருந்தும் புலப்படாத ஒன்றைப் புலப்படுத்தும் என்பதை ஒன்றோடொன்று தொடர்பில்லாத தேசத்து அறிஞர்கள் கண்டு வியந்திருக்கிறார்கள். வலைச் சாளரத்தினூடே பாயும் சூரிய கிரணத்தில் மிதக்கும் நுண்துகளே அளவைகளுள் முதலாவது, அதன் பெயர் திரசரேணு என்று மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது. பொன்னும் வெள்ளியும் நிறுக்கும் எடைக் கணக்கு முழுவதும் அந்தத் துகளிலிருந்தே தொடங்குகிறது. வைசேஷிகர் ஒரு படி மேலே சென்று, கண்ணுக்குத் தோன்றும் பொருள்களில் மிகச் சிறியதான அந்தத் திரசரேணு மூன்று துவியணுகங்களால் ஆனது, ஒவ்வொரு துவியணுகமும் இரண்டு பரமாணுக்களால் ஆனது என்று வகுத்தார்கள். கிரேக்க தேசத்திலோ, டெமாக்கிரிட்டஸ் உயிரின் அணுக்களைச் சாளரங்களின் வழியே வரும் கிரணங்களில் காணப்படும் துகள்களுக்கு ஒப்பிட்டதாக அரிஸ்டாட்டில் தம் உயிர் நூலில் எழுதுகிறார். ஒருவர் அந்தத் தூசியில் உலகத்தின் மூலத்தைத் தேடினார். மற்றொருவர் உயிரின் சாயலைத் தேடினார். இருவருக்கும் ஆசிரியராக அமைந்தது, இருண்ட அறையும் அதில் ஒரு சிறு திறப்பும். திறந்த வெளியில் நின்றிருந்தால் இருவரும் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். ஒளி மிகுந்த இடத்தில் தூசி தெரிவதில்லை. நாகசேனர் வலையைப் பெயர்த்து எறிந்தால் இன்னும் நன்றாகப் பார்ப்போம் என்றாரே, அது மலையையும் மரத்தையும் பற்றி உண்மை. திரசரேணுவைப் பற்றி உண்மையன்று.

கண்ணாடியின் கதைக்கு வருவோம். வெளியே உள்ளதைத் தெளிவாகக் காணும்படியான சாளரம் என்பது மனித சரித்திரத்தில் மிகப் பிந்தி வந்த பொருள். ரோமாபுரியின் தத்துவ ஞானியாகிய ஸெனிக்கா தம் தொண்ணூறாவது கடிதத்தில், ஒளி ஊடுருவும் பலகைகள் பதித்த சாளரம் தம்முடைய ஞாபகத்துக்கு உட்பட்ட காலத்தில்தான் வந்தது என்று சொல்கிறார். அவர் அதைச் சொல்லும் சந்தர்ப்பம் நமக்கு முக்கியமானது. மனிதனுக்கு வீடும் கருவியும் தொழிலும் கற்பித்தவர்கள் ஞானிகளே என்று பொஸிடோனியஸ் கூறியிருந்தார். ஸெனிக்கா அதை மறுத்து, இவையெல்லாம் கூர்த்த புத்தியின் வேலை, ஞானத்தின் வேலை அல்ல, ஞானம் கைகளுக்குக் கற்பிப்பதில்லை, உள்ளத்துக்குக் கற்பிக்கிறது என்று வாதிக்கிறார். அந்தப் பெரியவரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் இதில் அவரோடு உடன்பட இயலவில்லை. விகாரத்தின் இருட்டையும் நாற்றத்தையும் கேட்டு மூன்று வகைச் சாளரம் வகுத்தவர் ஞானி அல்லர் என்று யார் சொல்வது?

அந்தப் பலகைகள் கண்ணாடி மட்டும் அல்ல. ஸ்பெயின் தேசத்தில் செகோப்ரிகா நகரத்தை அடுத்த சுரங்கங்களிலிருந்து, காக்காப்பொன் போலத் தகடு தகடாகப் பிரியும் ஒளிபுகு கல்லொன்றை வெட்டி எடுத்து ரோமர்கள் சாளரங்களில் பதித்தார்கள். அச்சில் வார்த்த தடித்த கண்ணாடிப் பலகைகள் பொம்பெயி நகரத்து இடிபாடுகளில் கிடைத்திருக்கின்றன. அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் சாமானிய வீடுகளில் எண்ணெய் தோய்த்த துணியும், பதப்படுத்திய தோலும், மெல்லியதாகச் சீவிய கொம்புமே சாளரத்தை மூடின. ஜப்பானியர் மரச் சட்டத்தில் காகிதத்தை ஒட்டினார்கள். கோவாவின் பழைய வீடுகளில் கண்ணாடிக்குப் பதிலாகத் தட்டையான சிப்பி ஓடுகளைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி மரச் சட்டங்களில் கோத்திருப்பதை இன்றும் காணலாம். கடற்கரை வெயிலின் உக்கிரத்தைத் தணித்து, பால் நிறமான ஒரு வெளிச்சத்தை அவை அறைக்குள் அனுப்புகின்றன. எண்ணெய்த் துணி, கொம்பு, காகிதம், சிப்பி ஆகிய இவை ஒவ்வொன்றும் முழுமையான சாளரமே. ஆனால் இவற்றுள் ஒன்றன் வழியாகவும் தெருவில் போகிறவரை அடையாளம் காண முடியாது.

பிற்காலத்து ஐரோப்பியக் கண்ணாடித் தொழிலாளி, உருகிய கண்ணாடியை ஊதுகுழலின் முனையில் எடுத்து, ஊதிக் குமிழாக்கி, வேறோர் இரும்புக் கோலுக்கு மாற்றி, உலை வாயில் மீண்டும் காய்ச்சி வேகமாகச் சுழற்றுவான். சுழற்சியின் வேகத்தில் குமிழ் விரிந்து தட்டையான வட்டமாகப் பரந்துவிடும். கோல் ஒட்டியிருந்த நடுப்பகுதி தடித்துக் கண் போல நிற்கும். அந்த வட்டத்திலிருந்து சிறு சிறு துண்டுகளைத்தான் வெட்டி எடுக்கலாமாதலால், பழைய சாளரங்களில் சிறு கண்ணாடிகளை ஈயச் சட்டத்தில் கோத்தே பெரிய பரப்பை நிரப்பினார்கள். வேறொரு முறையில் நீண்ட உருளையாக ஊதி, இரு முனைகளையும் அறுத்து, நெடுகப் பிளந்து, சூட்டில் விரித்துப் பலகையாக்கினார்கள். இதுவே வளர்ந்து, 1851-இல் லண்டனில் எழுந்த பளிங்கு மாளிகைக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடிகளை அளித்தது. அதே 1851-ஆம் ஆண்டில்தான், 1696 முதல் இங்கிலாந்தில் வசூலிக்கப்பட்டுவந்த சாளர வரி நீக்கப்பட்டது. ஒரு வீட்டில் இத்தனை சாளரத்துக்கு மேல் இருந்தால் இவ்வளவு வரி என்று அரசாங்கம் விதித்தபோது, மக்கள் தங்கள் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டார்கள். ஏழைகள் வாடகைக்குக் குடியிருந்த வீடுகளில் சொந்தக்காரர்கள் அடைத்தார்கள். இரவியின் ஒளி எல்லோருக்கும் இலவசமாக வந்த பொருள். அதை உள்ளே விடுவதற்குத் தீர்வை வைத்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நியாயம் என்றும் நடத்தியது மனித சமூகத்தின் பெரும் பாவங்களுள் ஒன்று என்றே சொல்வேன்.

தெளிந்த கண்ணாடி வந்தபின் தத்துவ ஞானிகளின் சாளரமும் மாறியது. 1641-இல் வெளிவந்த தியானங்களில் டேகார்ட், சாளரத்தின் வழியாகத் தெருவில் போகும் மனிதர்களைக் காண்பதாக நாம் சொல்கிறோம், ஆனால் நாம் காண்பன தொப்பிகளும் மேலங்கிகளுமே அல்லவா, அவற்றின் உள்ளே இயந்திரங்கள் இருக்கக்கூடும், மனிதர் என்று தீர்மானிப்பது கண் அன்று, மனம் என்று எழுதினார். வலைச் சாளரத்தின் பின்னால் அமர்ந்தவனுக்கு இந்த ஐயம் எழுவது அரிது. பார்வை தடையின்றிச் சென்று, பார்ப்பவன் மட்டும் உள்ளே தனித்துவிட்ட நிலையில் எழும் ஐயம் இது. 1714-இல் லைப்னிட்ஸ் இன்னும் கடுமையாக, அடிப்படைப் பொருள்களாகிய மோனாடுகளுக்கு எதுவும் உட்புகவோ வெளிப்போகவோ சாளரங்களே இல்லை என்று அறுதியிட்டார். ஆயினும், சாளரமில்லாத அந்த ஒவ்வோர் உயிரும் பிரபஞ்சம் முழுவதையும் தன்னுள் பிரதிபலிக்கிறது என்பதும் அவர் கொள்கை. அது எங்ஙனம் கூடும் என்றால், இறைவன் ஆதியிலேயே அவ்வாறு இசைத்து வைத்தான் என்கிறார். சாளரத்தை அடைத்த பிறகும் வெளிச்சம் ஒருவனிடமிருந்து வந்தாக வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் நாட்டு ஆசாரியர்களிடம் திரும்புவோம். சங்கர பகவத்பாதர் செய்ததாகப் பரம்பரையாகக் கொள்ளப்படும் தட்சிணாமூர்த்தி ஸ்தோத்திரத்தில், பல துளைகள் உடைய குடத்தினுள் வைத்த பெருவிளக்கின் ஒளி துளைகளின் வழியே வெளிப்படுவதுபோல, ஆன்மாவின் அறிவு கண் முதலிய கருவிகளின் வழியே வெளியே பரவுகிறது என்று ஓர் உவமை வருகிறது. இங்கே திசை தலைகீழாகிறது. ஒளி உள்ளே இருக்கிறது; சாளரங்கள் அதை வெளியே விடுகின்றன. கடோபநிடதமும், தான்தோன்றியாகிய பிரமம் பொறிகளை வெளிநோக்கித் துளைத்துவிட்டது, ஆதலால் மனிதன் வெளியே பார்க்கிறான், எவனோ ஒரு தீரன் மட்டும் கண்ணை உள்ளே திருப்பி ஆன்மாவைக் கண்டான் என்று கூறுகிறது. அந்தக் காலத்துக் காட்சிக் கொள்கையும் இதற்கு இணங்கியதே; கண்ணிலிருந்து ஒரு கதிர் வெளியே சென்று பொருளைத் தொட்டு அறிகிறது என்று நையாயிகரும், கிரேக்க கணித அறிஞராகிய யூக்ளிட்டும் கருதினார்கள். இதை அசைத்தவர் 965-இல் பஸ்ராவில் பிறந்த இப்னு அல் ஹைதம். இருட்டறையில் சிறு துளை வழியாக விளக்குகளின் ஒளியைப் பாயவிட்டுச் சோதித்த அவர், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறதே அன்றிக் கண்ணிலிருந்து பொருளுக்குப் போவதில்லை என்பதை நிறுவினார். கண் நோக்கும் பொறி என்பதற்கு முன்னர், ஏற்கும் பொறி.

கண்ணைப் பற்றிய பௌதிக உண்மை உயிரைப் பற்றிய உண்மைக்குத் தானே பிரமாணமாகிவிடாது என்பதை நான் அறிவேன். குடத்து விளக்கின் உவமையை இப்னு அல் ஹைதமின் சோதனை பொய்ப்பிக்கவில்லை. அது பேசும் ஒளி வேறு. எனினும் சாளரத்தை உவமையாக எடுத்தால், சாளரத்தின் இயல்புக்கு விரோதமில்லாமல் எடுக்கவேண்டும் அல்லவா? விகாரத்துச் சாளரமும், நெடுநல்வாடையின் சாளரமும், கார்லேச் சாளரமும், கோவாவின் சிப்பிச் சாளரமும் ஒரே முகமாகச் சொல்வது, சாளரம் பெறுவதற்காக அமைந்தது என்பது. அப்படியானால் மிலிந்தனும் பிழைபட்டான், நாகசேனரும் அந்தப் பிழையின்மேலேயே தம் வெற்றியைக் கட்டினார். உயிர் சாளரத்தில் நின்று நோக்குகிறதா என்று கேட்டார்கள். உள்ளே இருப்பவன் எந்த ஒளியால் காண்கிறான் என்று கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார். பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட சிவஞான போதத்தின் பதினொன்றாம் சூத்திரத்தில், காண்பது கண்ணாயினும் அதற்குக் காட்டுவது உயிராதல்போல, உயிர் காணும்போது அதனோடு உடனாகத் தானும் கண்டு அதற்குக் காட்டுபவன் இறைவன் என்று அவர் கூறினார். உயிர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நாகசேனரோடு உடன்படுவதற்கு இடமில்லை. உயிர் தானே ஒளி என்றும் அவர் சொல்லவில்லை. குடத்து விளக்கு அவருடையது அன்று. உயிர் உண்டு, அது அறியும் தகுதி உடையது, ஆனால் அறிவிக்க அறியும் இயல்புடையது என்பது சித்தாந்தம். கார்லே மண்டபத்தில் ஸ்தூபத்தை நோக்கி நிற்கிறவனை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். அவனுக்குக் கண் உண்டு. காணும் விருப்பமும் உண்டு. ஆயினும் அவன் பின்னாலிருந்து, அவன் காணாத திறப்பின் வழியாக வந்த ஒளி இல்லையானால் அவனுடைய கண்ணும் விருப்பமும் இருளில் கிடக்கும். தான் பார்ப்பதாகவே அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். திரும்பிப் பார்த்தாலொழிய, தனக்குக் காட்டப்படுகிறது என்பதை அறியான். பௌத்தர் குடைந்த குகையில் சைவ சித்தாந்தத்தின் பொருள் எனக்குப் புலப்படுவதை இரு சமயத்தாரும் மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இதே தத்துவம் சாஸ்திர விவகாரம் எதுவும் இல்லாமல் ஒரு சுவரில் வெளிப்பட்டதை உடுப்பியில் காணலாம். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர் என்னும் கன்னடத்துப் பக்தரை, அவருடைய குலத்தைக் காரணம் காட்டிக் கிருஷ்ணன் சந்நிதிக்குள் விடவில்லை. அவர் கோயிலின் பின்புறத்தில் நின்று பாடினார், சுவர் பிளந்தது, உள்ளே இருந்த மூர்த்தி அவர் நின்ற மேற்குத் திசைக்குத் திரும்பினான் என்பது ஐதிகம். அந்தப் பிளவு இருந்த இடத்தில் இன்று ஒரு சிறு சாளரம் இருக்கிறது. அதன் வழியாகத்தான் வருகிறவர்கள் முதலில் தரிசனம் செய்கிறார்கள். ஐதிகத்தைச் சரித்திரமாக நான் முன்வைக்கவில்லை. அதில் அடங்கிய எண்ணத்தைத்தான் முன்வைக்கிறேன். கனகதாசர் சுவரைத் துளைக்கவில்லை. துளைத்திருந்தாலும், மூர்த்தி கிழக்கு நோக்கியே நின்றிருந்தால் அவர் கண்டிருக்கக் கூடியது முதுகுதான். அவர் பார்த்தது, அவன் திரும்பியதால். சந்நிதிக்குள் விடாமல் நிறுத்தியவர்களின் சுவர் கண்ணை மறைத்ததே தவிர, மறுபக்கத்திலிருந்து வந்ததை மறைக்க முடியவில்லை. அந்த அநீதிக்கு இதைக் காட்டிலும் பெரிய கண்டனத்தை எந்தச் சீர்திருத்தக்காரரும் எழுதியதில்லை.

இவ்வளவு சொல்லியும், என் முடிவுக்கு நேர் எதிரே நிற்கும் ஓர் உபதேசத்தைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. சம்யுத்த நிகாயத்தில் புத்தர் துறவிகளைக் கேட்கிறார்: வடக்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் சாளரம் உடைய கூடகாரம் ஒன்று இருக்கிறது, சூரியன் உதிக்கும்போது சாளரத்தின் வழியே புகுந்த கதிர் எங்கே படியும்? மேற்குச் சுவரில் என்கிறார்கள். மேற்குச் சுவர் இல்லையானால்? நிலத்தில். நிலம் இல்லையானால்? நீரில். நீரும் இல்லையானால்? எங்கும் படியாது. அவ்வாறே வேட்கை அற்ற இடத்தில் விஞ்ஞானம் என்னும் அறிவுணர்வு எங்கும் படிந்து நிலைகொள்வதில்லை, வளர்வதில்லை, பிறப்பு இல்லை, துக்கம் இல்லை என்கிறார் அவர். சாளரத்தைக் கொண்டு உயிரைப் பற்றிச் சொன்ன உபமானங்களுள் இதற்கு மேலான ஒன்றை நான் அறியேன். மிலிந்தனும் பிரசஸ்தபாதரும் சாளரத்தில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். நாகசேனர் அந்த ஆளை நீக்கினார். புத்தரோ ஆளைப் பற்றிப் பேசவே இல்லை, உள்ளே வரும் கதிரைப் பற்றிப் பேசினார். சாளரம் பெறுவதற்கே உரியது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

சித்தாந்தி இங்கே விலகுவான். கதிர் படிவதற்கு ஒரு சுவர் இருப்பதே துன்பத்துக்குக் காரணம் என்று புத்தர் சுவரை எடுத்துவிடுகிறார். படிந்த ஒளியால் சுவர் விளங்குவதே பேறு, நீங்க வேண்டியது சுவரைப் பற்றிய இருள்தான் என்று மெய்கண்டார் மரபு கொள்ளும். இரண்டுக்கும் நடுவே எளிதில் பாலம் கட்டிவிட முடியாது. கட்டவும் நான் விரும்பவில்லை. ஆனால் அந்த உபதேசத்தை மறுபடியும் படிக்கையில் ஒன்று என் கவனத்தை விட்டு அகல மறுக்கிறது. புத்தர் சுவரை நீக்கினார், நிலத்தை நீக்கினார், நீரையும் நீக்கினார். கிழக்குச் சாளரத்தை நீக்கவில்லை, கதிரையும் நீக்கவில்லை. கதிர் என்பது அங்கே விஞ்ஞானத்துக்கு உவமை, அதுவும் காரணங்களின் கூட்டத்தால் எழுவதே என்று பௌத்த உரையாசிரியர் விடை கூறுவர். அந்த விடையை நான் மதிக்கிறேன். எனினும் உவமையில் சூரியன் என்று ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. அது உதித்ததாகவும் சொல்லப்பட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த துறவிகள் கதிர் எங்கே படியும் என்பதற்கு மாத்திரமே விடை சொன்னார்கள், ஏனெனில் அவர்களிடம் கேட்கப்பட்டது அதுவே. திருவெண்ணெய்நல்லூரார் அந்தச் சபையில் இருந்திருந்தால், சூரியனைப் பற்றி எழுந்து கேட்டிருப்பார்.